கரையேறாத அத்தான்

உலகத்தில் வீடு வாங்குகிறவர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. போகிறார்கள், பார்க்கிறார்கள், கையெழுத்துப் போடுகிறார்கள், குடிபுகுகிறார்கள், முதல் மழையில் கூரை ஒழுகுகிறது என்று புலம்புகிறார்கள். அவ்வளவுதான், ஆள் தீர்ந்தார். நான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது இன்னோர் இனம். இவர்கள் வீடு வாங்குகிறவர்கள் அல்லர், வீடு பார்க்கிறவர்கள்.

அந்த இனத்திலும் ஓர் உயர்ந்த கிளை இருக்கிறது. கடலோரத்தில் வாங்குவதா, புறநகரில் வாங்குவதா என்ற ஒரே கேள்வியில் ஒரு காலை அலையிலும் இன்னொரு காலைப் புல்தரையிலும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிற்பவர்கள். கடலில் நின்றால் புறநகரைப் பற்றிப் பேசுவார்கள். புறநகரில் நின்றால் கடலைப் பற்றி. இவர்களுக்குக் ‘கரையேறாதவர்கள்’ என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் குழாய்களையும் திறந்து விடுவார்கள், மூட மறப்பார்கள். டாக்டர் நோயாளியின் முதுகில் தட்டுவதுபோல் சுவரைத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ‘ம்ம்’ என்பார்கள். காலி அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார்கள். நடு ஹாலில் நின்று இரண்டு குதி குதிப்பார்கள். பிறகு விட்டத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பார்ப்பார்கள், பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த சொந்தக்காரரே கலவரப்பட்டு, ‘அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?’ என்று தானும் அண்ணாந்து பார்க்கும்வரை. அங்கே ஒன்றும் இருக்காது. ஆனால் அன்றிலிருந்து அந்த மனிதருக்குத் தூக்கம் போய்விடும்.

“மழை பெஞ்சா இங்க தண்ணி நிக்குமா?”

“நிக்காதுங்க.”

“ஓ. அப்போ மழையே பெய்யலன்னா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? சொந்தக்காரர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போதுதான் அவர்களுடைய புகழ்பெற்ற வாக்கியம் வரும்: “எல்லாம் சரிதான், ஆனா...” ‘ஆனா’வுக்குப் பிறகு ஒன்றும் வராது. வரவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வீட்டைக் கொல்ல அந்த இரண்டெழுத்து போதும்.

எனக்கு இவ்வளவும் எப்படித் தெரியும் என்றால், என் சொந்த அத்தான், என் அக்காவைக் கட்டியவர், அந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவர் தொழில் என்ன தெரியுமா? வருகிறவர் கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சில்லை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, “இதுல நல்லா தெரியுதா, இதுலயா?” என்று கேட்பது. பாவம், வந்தவர் கொஞ்சம் தயங்கினால் போதும், அத்தானுக்குக் கோபம் வந்துவிடும்.

“ரெண்டே ரெண்டுதான் சார் இருக்கு. இதுல ஒண்ணைச் சொல்றதுக்கு இவ்வளவு யோசனையா? வீட்டுல எப்படி உங்களோட குப்பை கொட்டுறாங்க?”

அக்கா நேர்மாறு. சன்னல்களுக்குத் திரைச்சீலை தைக்கும் கடை அவளுடையது. மேசை நீளத்துக்குத் துணியை விரிப்பாள், சாக்குக் கட்டியால் ஒரு கோடு, கத்தரிக்கோலை வைத்து ஒரே இழுப்பு. கிழித்த பிறகு அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. கிழிக்கும் முன்பும் பார்த்ததில்லை. கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த வாடகை வீட்டில் இருவரும் குடியிருந்தார்கள். அந்த வீட்டில் குழந்தைகள் இல்லை, சண்டையும் அதிகம் இல்லை. ஏனென்றால் சண்டை போட இரண்டு தரப்பு வேண்டும். அத்தான் ஒருவரே இரண்டு தரப்பாகவும் இருந்ததால் அக்காவுக்கு இடம் கிடைக்கவில்லை.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் வீட்டுச் சொந்தக்காரர் மேலே ஏறி வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகள் இரட்டைக் குழந்தைகளோடு திரும்பி வருகிறாளாம். மழைக்காலத்துக்கு முன்னால் வீடு வேண்டுமாம்.

“அதுக்கென்ன, நாங்களும் சொந்தமா ஒண்ணு பாத்துட்டுத்தான் இருக்கோம்” என்றார் அத்தான் பெருமையாக.

அது உண்மைதான். கல்யாணம் ஆன நாள் முதல் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்த இடத்தில் நான் கதைக்குள் இழுக்கப்படுகிறேன். எனக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. என் வண்டியின் கூரையில் ‘பயிற்சி வாகனம்’ என்று ஒரு பலகை உண்டு. பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியருக்கென்று காலடியில் தனியாக இன்னொரு பிரேக்கும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஓட்ட, அத்தான் அந்த ஆசிரியர் இருக்கையில் உட்கார, அக்கா அளவு நாடாவோடு பின்னால் உட்கார, வீடு பார்க்கப் புறப்படுவோம். கடற்கரைச் சாலையில் வண்டி வேகமெடுக்கும். அத்தான் சன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டுவார்.

“காத்துன்னா இதுதான் காத்து மாப்ளே! இந்தக் காத்தை ஒரு வருஷம் சுவாசிச்சா மனுஷனுக்குப் பத்து வயசு குறையும்... ஆனா, இந்த உப்பு?”

அவர் மனதில் சந்தேகம் வரும் அதே நொடியில் கால் அந்தப் பிரேக்கில் போய் விழும். வண்டி துள்ளி நிற்கும். பின்னால் அக்காவின் நெற்றி என் இருக்கையில் முட்டும். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எல்லோரும் கூரைப் பலகையைப் படித்துவிட்டு, ‘பாவம், புதுசு’ என்று என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கற்றுக்கொடுக்கும் எனக்கு இது தேவையா?

“அத்தான், அந்தக் காலைக் கொஞ்சம் மடக்கி வச்சுக்கக் கூடாதா?”

“நானா வைக்கிறேன்? அதுவா போகுது மாப்ளே.”

முதலில் ஒரு புறநகர் வீடு. அதன் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். கடல் பக்கம் குடிபோக ஆசைப்பட்டு வீட்டை விற்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். இந்தத் தரகர் முதல் நாள் வந்தபோது தொப்பையும் சிரிப்புமாக இருந்தவர்; நாங்கள் அவரைச் சந்தித்த பிறகு இரண்டும் வேகமாக இளைத்துக்கொண்டு வந்தன.

அந்தப் பகுதியைப் பார்த்தால் உங்களுக்கே தலை சுற்றும். ஒரே மாதிரி கதவு, ஒரே மாதிரி வேலி, ஒரே மாதிரி தபால் பெட்டி. வீட்டை அச்சில் வார்த்து வரிசையாகக் கவிழ்த்தது போல் இருந்தது. வண்டியை நிறுத்துவதற்குள் அத்தான் குதித்திறங்கி, தரகர் வரும்வரை பொறுக்க மாட்டாமல், திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய்விட்டார். நாங்கள் பின்னால் ஓடினோம். உள்ளே ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தது. அத்தான் அதற்குள் சுவரைத் தட்டி முடித்து, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் இரண்டு குதி குதித்துக்கொண்டிருந்தார்.

“மழை பெஞ்சா தண்ணி நிக்குமா?”

அந்த மனிதர் வாயில் சோற்றோடு, “லேசா நிக்கும்ங்க, ஒரு மணி நேரத்துல வடிஞ்சிடும்” என்றார். நல்ல மனிதர். அவர் மனைவியும் எழுந்து வந்து, “பின்னாடி ரூமையும் பாத்துருங்க” என்று விளக்கைப் போட்டுக் காட்டினாள். அந்த ரூமில் இருந்த அலமாரிக்குள் அத்தான் தலையை விட்டிருந்த நேரத்தில்தான் தெருவிலிருந்து தரகரின் குரல் கேட்டது: “சார்! சார்! அது இல்ல சார், பக்கத்து வீடு!”

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் பூமிக்குள் போயிருப்பார்கள். அத்தான் அலமாரியிலிருந்து தலையை எடுத்து, அந்தத் தம்பதியை ஏற இறங்கப் பார்த்து, “எல்லாம் சரிதான், ஆனா கொஞ்சம் சாமான் அதிகம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

பக்கத்து வீட்டில் பல் டாக்டர் காத்திருந்தார். நாம் பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் பல்லையே பார்க்கிற மனிதர். “அஸ்திவாரத்தைப் பாருங்க, கடவாய்ப்பல் மாதிரி. அசைக்க முடியாது” என்றார்.

அத்தான் தோட்டத்தில் போய் நின்றார். “என்ன ஒரு அமைதி! மனுஷன் வாழ்ந்தா இப்படி வாழணும். பள்ளிக்கூடம் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், பஸ் பக்கம். ஆனா... இவ்வளவு அமைதி எதுக்குங்க? காது அடைக்குது. அலை சத்தம் ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்!”

“அதைத்தாங்க நானும் சொல்றேன்!” என்று பல் டாக்டர் துள்ளினார். “அதுக்காகத்தான் விக்கிறேன். ஆனா...”

அந்த ‘ஆனா’வைக் கேட்டதும் அக்கா என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். தரகர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். விற்பவரும் அதே இனம்! இரண்டு கரையேறாதவர்கள் ஒரே தோட்டத்தில் சந்தித்துவிட்டார்கள். பிறந்ததும் பிரிந்த அண்ணன் தம்பிபோல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். வீட்டை விற்பது, வாங்குவது என்ற அற்ப விஷயத்தை அன்று யாரும் பேசவில்லை.

அடுத்தது கடலோர வீடு. சின்ன வீடுதான். வாசலில் மணல், பின்சன்னலைத் திறந்தால் கடல், அவ்வளவு பக்கம். சொந்தக்கார அம்மா படகு எஞ்சின் பழுது பார்க்கும் மெக்கானிக். வாழ்நாள் முழுக்க எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, பக்கத்தில் நிற்பவரிடமும் அடுத்த ஊருக்குக் கேட்கும்படி பேசுவார். வேலையை விட்டுவிட்டுத் தங்கையோடு போய் இருக்கப்போவதால் வீட்டை விற்கிறார்.

“பாருங்க!” என்று அவர் கத்தினார். “எல்லாம் துருப்பிடிக்கும். கதவு, கீல், பூட்டு, சைக்கிள், நான். மறைச்சு விக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது!”

அத்தான் கடலைப் பார்த்து நின்றார். சாரலில் அவர் மூக்குக் கண்ணாடி மங்கி மூடிக்கொண்டது. துடைத்தார். மூடிக்கொண்டது. மறுபடி துடைத்தார். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்த மனிதர், கடலுக்கு முன்னால் நின்று, “மாப்ளே, எந்தப் பக்கம் கடல்?” என்று என்னைக் கேட்டார்.

“எடுத்துக்கறீங்களா, இல்ல சும்மா காத்து வாங்க வந்தீங்களா?” என்றார் மெக்கானிக் அம்மா.

“எல்லாம் சரிதான், ஆனா...”

அடுத்த ஞாயிறு புறநகர். அதற்கடுத்த ஞாயிறு கடல். இதற்கிடையில் வீட்டுச் சொந்தக்காரருடைய மகளின் சாமான்கள் கப்பலில் வந்து சேரத் தொடங்கின. முதலில் மாடிப்படியில் இரண்டு தொட்டில்கள். பிறகு குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரைகள் இரண்டு. பிறகு ஹாலுக்குள்ளேயே பெட்டிகள். அத்தான் காலையில் கடைக்கு இறங்க வேண்டுமானால் ஒரு குதிரையைத் தாண்டி, தொட்டிலுக்குள் காலை விட்டு, அந்தப் பக்கம் இறங்க வேண்டும். இறங்கிக்கொண்டே, “அவசரப்படக் கூடாது. வீடுங்கறது வாழ்க்கையில ஒரு தடவை” என்பார்.

அக்காவை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. தையல் கடைக்குப் போனால், இயந்திரத்தை நிறுத்தாமல், தலையை நிமிர்த்தாமல், “தொட்டில்ல ஒண்ணு பெருசாத்தான் இருக்கு. உங்க அத்தானை அதுல போட்டுட்டு நான் கடையிலேயே படுத்துக்கறேன்” என்றாள். சிரிக்கலாம் என்று அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மழை மேகம் தெரியத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைசித் தடவையாகக் கடலோர வீட்டுக்குப் போனோம். ‘கடைசித் தடவை’ என்பது அத்தானின் வார்த்தை. எத்தனையாவது கடைசி என்று நான் கேட்கவில்லை. போய் இறங்கினால், வாசலில் பல் டாக்டர்! அவரும் அதே வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார். இருவரும் கட்டித் தழுவாத குறைதான். பேசிக்கொண்டே மணலில் இறங்கி அலைக்கரைக்குப் போய்விட்டார்கள். தரகர், ஒருவராவது திரும்பி வருவதற்குள் மனம் மாறாமல் இருக்க வேண்டுமே என்று பின்னாலேயே ஓடினார்.

வீட்டுக்குள் நின்ற எங்களுக்குச் சன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. பல் டாக்டர் கடலைச் சுட்டிக் கையை விரிக்கிறார். அத்தான் மறுத்து, புறநகர்ப் பக்கம் கையை நீட்டிப் பஸ், பள்ளி, ஆஸ்பத்திரி என்று விரல் மடக்குகிறார். சற்று நேரத்தில் பல் டாக்டர் தலையாட்டுகிறார். அத்தான் சொன்னது அவர் மண்டையில் ஏறிவிட்டது. அதே நேரம் அவர் சொன்னது அத்தான் மண்டையில் ஏறிவிட்டது. இப்போது அத்தான் கடலைச் சுட்டுகிறார், டாக்டர் புறநகரைச் சுட்டுகிறார். இருவருக்கும் முழங்கால்வரை தண்ணீர். நடுவில் தரகர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

மெக்கானிக் அம்மா அந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, வர்றவங்க எல்லாரும் பேசுறாங்க. நீ வாயே திறக்கலையே. உனக்கு எது வேணும்?”

அக்கா திடுக்கிட்டுப் போனாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, “அளவு நாடா கொண்டு வந்தியா?” என்பதுதான். கையில் அந்த நாடாவைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

“நாள் முழுக்க ஊர்ல இருக்கற சன்னலையெல்லாம் மூடுறதுக்குத் துணி தைக்கிறேன்மா” என்றாள். “எதிர் வீடு தெரியக் கூடாதுன்னு கேப்பாங்க, வெயில் வரக் கூடாதுன்னு கேப்பாங்க. எனக்குத் திரையே வேண்டாத ஒரு சன்னல் வேணும். எதிர்ல யாரும் இல்லாத ஒரு சன்னல். அது போதும்.”

மெக்கானிக் அம்மா முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். “இதோ இருக்கே.”

“நான் எடுத்துக்கறேன்” என்றாள் அக்கா.

ஒரே இழுப்பு. கத்தரிக்கோல் ஓடுவதுபோலத்தான் இருந்தது. கிரீஸ் படிந்த ஒரு கையும் சாக்குக் கட்டி படிந்த ஒரு கையும் குலுக்கிக்கொண்டன. எனக்கு விசிலடிக்க வேண்டும்போல் இருந்தது, அடித்தும் விட்டேன்.

அலைக்கரையிலிருந்து மூவரும் நனைந்த காற்சட்டையோடு வந்தார்கள். அத்தான் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

“முடிவு பண்ணியாச்சு!” என்றார். “ரெண்டு பக்கமும் ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாக்கறது. அப்புறம் நிதானமா யோசிக்கறது.”

“நானும் அப்படித்தான்” என்றார் பல் டாக்டர்.

“நான் வாங்கிட்டேன்” என்றாள் அக்கா.

“எதை?”

“நீங்க நிக்கிற தரையை.”

அத்தான் குனிந்து தரையைப் பார்த்தார். பழக்கதோஷம், காலால் இரண்டு தட்டுத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு சன்னலைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தை. அந்த முகத்தில் என்ன தெரிந்ததோ, கண் அங்கேயே நின்றுவிட்டது. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் கூடவே வந்தவளை அன்றுதான் பார்த்தார்போல.

“எல்லாம் சரிதான்... ஆனா...” என்றார்.

“ஆனா?” என்றாள் அக்கா.

அத்தான் தேடினார். நிஜமாகவே தேடினார். விட்டத்தில் தேடினார், சுவரில் தேடினார், துருப்பிடித்த கீலில் தேடினார். கைக்கெட்டும் தூரத்தில் எத்தனையோ ‘ஆனா’க்கள் தொங்கின. ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை.

“ஆனா... நல்லாத்தான் இருக்கு” என்றார் மெதுவாக.

தரகர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

மழை இறங்குவதற்கு முன் குடிபோய்விட்டார்கள். வீடு முழுக்க அக்கா தைத்த திரைகள்; பின்சன்னலில் மட்டும் ஒன்றுமில்லை, கடல்தான். காலையில் இருவரும் அதற்கு முன்னால் காப்பியோடு உட்காருகிறார்கள். அத்தானின் கண்ணாடி மூடிக்கொள்ளும்போதெல்லாம் அக்கா அதைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுகிறாள். கடைக்கு வருகிறவர்களிடம் அவர், “நான் மொதல்லேருந்தே கடல்தான்னு சொன்னேன், இவதான் யோசிச்சிட்டிருந்தா” என்கிறார். அக்கா மறுப்பதில்லை. மறுத்து என்ன ஆகப்போகிறது?

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? போன வாரம் என் வண்டிக்குள் வந்து உட்கார்ந்தார். பின் இருக்கையில் பல் டாக்டர்.

“மலை அடிவாரத்துல ஒண்ணு இருக்காம் மாப்ளே. வாங்கறதுக்கு இல்ல. சும்மா பாக்கத்தான்.”

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மெக்கானிக் அம்மா வீட்டைப் பற்றிப் படிக்கும்போது, ‘துருப்பிடிக்கும் என்கிறாரே, பெயின்ட் அடித்தால் சரியாகாதா?’ என்று தோன்றவில்லை? இவ்வளவு எழுதியவன் விலையை மட்டும் எழுதவில்லையே என்று ஒரு கணம் எரிச்சல் வரவில்லை? ஒரு மணி நேரத்தில் வடியும் தண்ணீர் பரவாயில்லைதான் என்று மனதுக்குள் கணக்குப் போடவில்லை?

இல்லையா? நல்லது. அப்படியானால் அந்தப் பல் டாக்டரின் புறநகர் வீடு இன்னும் விற்காமல்தான் இருக்கிறது என்று நான் சொல்வது உங்களுக்குத் தேவையில்லாத சங்கதி. கடவாய்ப்பல் அஸ்திவாரம், பஸ் பக்கம். வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்றா கேட்டீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வீட்டில் இருக்கிறவரிடம், எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.